கடலுக்கு நடுவில் ஏதும் நடந்தால் விமானம் எங்கே இறங்கும்?

விமானம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பயணம் அல்ல. சத்தம் கேட்டவுடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடிய நாட்கள்தான். வன்னியில் இருந்துவந்த சகோதரிகள் சிலர் இன்னமும் ‘கிபிர்’ என்ற ஒரு சொல்லுக்குள் எல்லா விமானங்களையும் அடக்கிவிடுவார்கள். அதே சகோதரிகளும் அவர்களது பிள்ளைகளும்தான் இன்று கட்டுநாயக்கவில் கடவுச்சீட்டோடு வரிசையில் நிற்கின்றார்கள். குவைத்துக்கும் சவூதிக்கும் கட்டாருக்கும் வீட்டுவேலைக்குப் போகின்றார்கள். கனடாவில் இருக்கும் மகனிடம் போகின்றார்கள். எங்கே போனாலும் கடலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

மஹய்யாவயில் நாம் நடத்தும் பெண்கள் குழுவில் மாநகர சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இருக்கின்றார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, யுத்தத்தினால் மறுபடியும் மலைநாட்டுக்கே திரும்பி வந்தவர்களும் இருக்கின்றார்கள். வெளிநாட்டு வேலை பற்றிய ஒரு கூட்டத்தில் சம்பளம், ஒப்பந்தம், ஏஜென்சி எல்லாம் பேசி முடிந்த பிறகு ஓர் அக்கா கேட்டார்: “எல்லாம் சரி மிஸ். கடலுக்கு நடுவுல இஞ்சின் நின்னுபோச்சுனா எங்க எறக்குவாங்க?” யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அந்தக் கேள்வி இருந்திருக்கின்றது. அதற்கான பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகின்றேன்.

நமது வானம் எவ்வளவு தூரம்?

இலங்கையின் நிலப்பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். ஆனால் விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் பொறுப்பில் நமது நாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் வானம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ‘கொழும்பு விமானத் தகவல் வலயம்’ என்று அதற்குப் பெயர். தெற்கே இந்து சமுத்திரத்தின் மேலே பூமத்திய ரேகைக்கும் அப்பால் அது நீண்டு கிடக்கின்றது. அயலில் இந்தியாவின் சென்னை வலயம், மாலைதீவின் வலயம், அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் வலயம் ஆகியன உண்டு. கொழும்பு வலயத்தைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு நிலையம் இரத்மலானையில் இருக்கின்றது.

நுவரெலியாவுக்குப் போனவர்கள் பிதுருதலாகலை மலையைப் பார்த்திருப்பார்கள். 2,524 மீற்றர் உயரமான அந்த மலையுச்சியில் விமானங்களைக் கண்காணிக்கும் ரேடார் ஒன்று இருக்கின்றது. உயரத்தில் வைத்தால் தூரம் பார்க்கலாம். ஆனாலும் எந்த ரேடாருக்கும் ஓர் எல்லை உண்டு. பூமி உருண்டை என்பதால், இருநூறு, இருநூற்றைம்பது கடல் மைலுக்கு அப்பால் பறப்பது அதன் பார்வையில் விழாது. ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீற்றர்.

அதற்குப் பிறகு விமானம் தானாகத்தான் தன்னைப் பற்றிச் சொல்லவேண்டும். முன்பெல்லாம் விமானி நெடுந்தூர வானொலியில் “இத்தனை மணிக்கு இந்த இடத்தைக் கடந்தேன், அடுத்த இடத்துக்கு இத்தனை மணிக்கு வருவேன்” என்று அறிவிப்பார். அந்த வானொலியில் இரைச்சல் அதிகம். நமது பழைய ட்ரான்சிஸ்டரில் இரவில் தூரத்து நிலையம் பிடித்த மாதிரித்தான் இருக்கும். இப்போது செய்மதி மூலம் விமானமே தனது இடத்தையும் உயரத்தையும் அனுப்புகின்றது. கட்டுப்பாட்டாளரும் விமானியும் எஸ்.எம்.எஸ். போல எழுத்தில் செய்தி பரிமாறிக்கொள்கின்றார்கள். சொன்ன நேரத்துக்குச் செய்தி வரவில்லையென்றால் சில நிமிடங்களில் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

கொக்கலையிலிருந்து பேர்த் வரை

கடல் தாண்டும் பறப்பின் கணக்கு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு நமது நாட்டிலேயே ஒரு பழைய கதை இருக்கின்றது. நமது பள்ளிப் புத்தகங்களில் இதைக் காணவில்லை. காண வேண்டிய கதை.

இரண்டாம் உலக யுத்தத்தில் 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அத்துடன் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் இருந்த விமானப் பாதை அறுந்துபோனது. அதைத் திரும்பவும் இணைக்க, குவாண்டாஸ் நிறுவனத்தார் 1943 நடுப்பகுதியில் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து காலிக்கு அருகிலுள்ள கொக்கலை வாவிக்கு நேராகப் பறக்கத் தொடங்கினார்கள். கட்டலினா என்ற, தண்ணீரில் இறங்கி ஏறும் விமானங்கள் ஐந்து. தூரம் ஏறத்தாழ 5,600 கிலோமீற்றர். வேகமோ மணிக்கு இருநூறு கிலோமீற்றர் அளவுதான். போய்ச்சேர 27 முதல் 33 மணித்தியாலம் வரை எடுக்கும். ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைக் காணலாம் என்பதால் அதற்கு ‘இரட்டைச் சூரியோதயப் பறப்பு’ என்றே பெயர் வந்தது.

இடையில் இறங்க எந்தத் தீவும் கிடையாது. ஜப்பானிய விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் கடக்க வேண்டும். எதிரிக்குக் கேட்டுவிடும் என்பதால் வானொலியில் பேச முடியாது. நட்சத்திரங்களைப் பார்த்தும், திசைகாட்டியையும் மணிக்கூட்டையும் வைத்துமே வழி பிடித்தார்கள். எரிபொருளுக்கு இடம்விட விமானத்துக்குள் தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். ஆகக் கூடியது மூன்று பயணிகள், 69 கிலோ தபால். எரிபொருள் நிரம்பியிருக்கும் முதல் பல மணித்தியாலங்களில் ஓர் என்ஜின் நின்றால் மற்றது அந்தப் பாரத்தைத் தாங்காது. அப்படி நேர்ந்தால் எரிபொருளைக் கடலில் கொட்டிப் பாரத்தைக் குறைப்பதே வழி. அதற்கும் முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைத்திருந்தார்கள்.

1945 ஜூலை வரை 271 தடவைகள் இப்படிக் கடல் கடந்தார்கள். ஒரு விமானம்கூட வழியில் இழக்கப்படவில்லை. கண்டிக்காரர்களுக்கு இன்னொரு தகவல்: அந்தப் பறப்புகள் நடந்துகொண்டிருந்த 1944 ஏப்ரலில்தான் மவுண்ட்பேட்டன் பிரபு தனது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார்.

எரிபொருள் என்ற வீட்டுக்கணக்கு

இப்போது நமது காலத்துக்கு வருவோம். விமானம் புறப்படுவதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்பே அதன் பயணத் திட்டம் தயாராகிவிடும். பாதை, உயரம், காற்று, மழைமேகம், எந்த நாட்டின் வானத்தைத் தொடும், எத்தனை மணிக்கு எங்கே இருக்கும் என்று பக்கம் பக்கமாக வரும். அதில் மிக முக்கியமானது எரிபொருள் கணக்கு. மாதச் சம்பளத்தைப் பிரித்து வைக்கும் பெண்களுக்கு இது இலகுவில் விளங்கும்.

உதாரணமாகக் கட்டுநாயக்கவிலிருந்து ஐந்து மணித்தியாலப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்து மணித்தியாலத்துக்கான எரிபொருள் பயணத்துக்கு. அதில் நூற்றுக்கு ஐந்து வீதம் எதிர்பாராத செலவுக்கு, அதாவது சுமார் 15 நிமிடம் பறக்க. போகும் இடத்தில் மணற்புயலோ பனிமூட்டமோ இருந்து இறங்க முடியாவிட்டால் பக்கத்து நகரத்துக்குப் போக, முக்கால் மணித்தியாலம் என்று வைப்போம். அதற்கும் மேலே 30 நிமிடத்துக்கான ‘இறுதிக் கையிருப்பு’. அந்தக் கடைசி அரை மணித்தியாலம் எப்போதும் தாங்கியில் இருக்கும்படிதான் விமானி திட்டமிட வேண்டும். அதில் கைவைக்க நேரும் என்று தெரிந்தாலே அபாய அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆக, ஐந்து மணித்தியாலப் பயணத்துக்கு ஆறரை மணித்தியாலத்துக்கான எரிபொருள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் செலவு வேறு.

“அப்படியானால் தாங்கியை நிரப்பிக்கொண்டு போனால் என்ன?” என்று கேட்கலாம். பாரம் கூடினால் அந்தப் பாரத்தைத் தூக்குவதற்கே எரிபொருள் செலவாகும். தோட்டத்துக் கொழுந்துக் கூடையைச் சுமந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்தக் கணக்கு நமது நாட்டில் தலைகீழான ஒரு வருடமும் உண்டு. 2022 இல் நாம் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது, கட்டுநாயக்கவில் விமான எரிபொருளுக்கும் அதே தட்டுப்பாடுதான். இலங்கைக்கு வரும் விமானங்கள் திரும்பிப் போவதற்கான எண்ணெயையும் தாங்களே கொண்டுவர வேண்டியிருந்தது. கொழும்பிலிருந்து புறப்பட்ட தூரப் பயண விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போயின. பயணிகளுக்கு நேரம் வீணானது உண்மை. ஆனால் யாரும் நடுவானில் தவிக்கவில்லை. தட்டுப்பாட்டைப் புறப்படும் முன்பே திட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

திரும்புவதா, போவதா?

இனி அந்த அக்காவின் கேள்வி. வளைகுடாவுக்குப் போகும் விமானம் கேரளக் கரையைத் தாண்டியதும் அரபிக் கடல் தொடங்கும். அந்தக் கடலின் பெரும்பகுதி மும்பைக் கட்டுப்பாட்டு நிலையத்தின் பொறுப்பு. எதிர்க்கரையில் ஓமான். நடுவில் பிரச்சினை வந்தால் விமானி அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிப்பதில்லை. ‘சம நேரப் புள்ளி’ என்ற ஒன்றைப் புறப்படும் முன்னரே குறித்து வைத்திருப்பார்கள். அந்தப் புள்ளியிலிருந்து பின்னுக்குத் திரும்பினாலும் முன்னுக்குப் போனாலும் ஒரே நேரம்தான் எடுக்கும். அதற்கு முன் ஏதும் நடந்தால் திரும்பு. தாண்டிவிட்டால் முன்னே போ.

இது பாதித் தூரம் அல்ல என்பதுதான் சுவாரசியம். கணக்குக்காகக் கடலின் அகலம் 2,000 கிலோமீற்றர் என்று வைப்போம். எதிர்க்காற்றில் முன்னே போகும் வேகம் மணிக்கு 700. அதே காற்று திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும் என்பதால் திரும்பும் வேகம் 900. அப்போது சம நேரப் புள்ளி 1,000 இல் வராது, 1,125 ஆவது கிலோமீற்றரில் வரும். அங்கிருந்து முன்னே மிச்சம் 875 கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம். பின்னே 1,125 கிலோமீற்றர், அதுவும் ஒன்றேகால் மணித்தியாலம். க.பொ.த. சாதாரண தரத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் செய்துவிடுவார்கள்.

இடம்பெயர்ந்து நடந்த சகோதரிகளுக்கு இந்தப் புள்ளி புதிதல்ல. மூட்டையோடு பாதி வழியில் நின்று, திரும்பி வீட்டுக்கா முன்னே முகாமுக்கா என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு அதை முன்கூட்டிக் குறித்துக் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை.

ஓர் என்ஜின் நின்றால்? கட்டுநாயக்கவிலிருந்து வளைகுடா போகும் விமானங்களில் பெரும்பாலானவை இரண்டு என்ஜின் உள்ளவை. ஒன்று நின்றாலும் மற்றதில் பறக்கலாம். உயரம் குறையும், வேகம் குறையும், அவ்வளவுதான். இரண்டு என்ஜின் விமானங்கள் ஒற்றை என்ஜினில் எவ்வளவு நேரத்துக்குள் ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. முன்பு அது 60 நிமிடம். 1985 முதல் 120 நிமிடமும், 1988 முதல் 180 நிமிடமும் அனுமதிக்கப்பட்டன. அந்த அனுமதி சும்மா கிடைப்பதில்லை. விமானமும் நிறுவனமும் பராமரிப்பும் தனித்தனியே சோதிக்கப்படும். வழியில் உள்ள விமான நிலையங்கள் அந்த நேரத்தில் திறந்திருக்குமா, காலநிலை எப்படி என்பதையும் பார்த்துத்தான் பாதை போடுவார்கள்.

இரண்டுமே நின்ற சம்பவமும் உண்டு. 2001 ஓகஸ்ட் 24 ஆம் திகதி கனடாவின் டொரொண்டோவிலிருந்து போர்த்துக்கலின் லிஸ்பனுக்குப் போன எயார் ட்ரான்சாட் விமானத்தில், என்ஜின் பாகம் ஒன்று பிழையாகப் பொருத்தப்பட்டிருந்ததால் எரிபொருள் கசிந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேலே இரண்டு என்ஜினும் நின்றன. 306 பேர் உள்ளே. எண்ணெய் குறைவதைக் கண்டதும் விமானிகள் அசோர்ஸ் தீவுகளின் பக்கம் திருப்பியிருந்தார்கள். என்ஜின் இல்லாமலே 19 நிமிடம் பருந்துபோல மிதந்து வந்து தீவில் இறங்கியது விமானம். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள்.

நேரே கீழே இறங்கக்கூடாது

கடல் வானத்தில் விமானங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, ஆயிரம் அடி இடைவெளியில், ஒரே பாதையில் போய்க்கொண்டிருக்கும். கடுகண்ணாவ ஏற்றத்தில் வரிசையாக லொறியும் பஸ்ஸும் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பழுதானால் நடு வீதியில் நிறுத்த முடியாது, ஓரம் கட்ட வேண்டும். வானத்திலும் அதே கதைதான். அவசரமாக இறங்க வேண்டிய விமானம் முதலில் தனது பாதையிலிருந்து குறைந்தது 30 பாகை திரும்பி, 5 கடல் மைல் தள்ளிப்போய், பாதைக்குச் சமாந்தரமாகப் பறக்க வேண்டும். முன்பு இது 15 கடல் மைலாக இருந்தது. வழிகாட்டும் கருவிகள் துல்லியமானதால் 2020 நவம்பரிலிருந்து உலகம் முழுவதும் 5 ஆக்கினார்கள். ஓரம் கட்டிய பிறகு கீழே இறங்கி, மற்ற விமானங்கள் பயன்படுத்தும் உயரங்களுக்கு நடுவில், 500 அடி வித்தியாசத்தில் நிற்க வேண்டும். எல்லா விளக்குகளையும் போட்டு, சுற்றியுள்ள விமானங்களுக்குக் கேட்கும்படி பொது அலைவரிசையில் அறிவிக்க வேண்டும். கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதி கிடைக்கும் வரை காத்திராமல் இதைச் செய்ய விமானிக்கு அதிகாரம் உண்டு.

விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் நிலைமை வேறு. அப்போது விமானம் சில நிமிடங்களில் 10,000 அடிக்கு வேகமாக இறங்கும். உள்ளே இருப்பவர்களுக்கு விழுவது போலத்தான் தோன்றும். விழவில்லை, இறக்குகின்றார்கள். மேலேயிருந்து தொங்கும் ஒட்சிசன் முகமூடி 12 முதல் 15 நிமிடத்துக்குப் போதும். அதற்குள் சாதாரணமாக மூச்சுவிடக்கூடிய உயரத்துக்கு வந்துவிடுவார்கள். இதில் தாய்மார் கவனிக்க வேண்டியது ஒன்று. முதலில் பிள்ளைக்கு மாட்டத்தான் நமது கை போகும். அந்த உயரத்தில் ஒட்சிசன் இல்லாமல் நினைவு தங்குவது அரை நிமிடம், ஒரு நிமிடம்தான். நீங்கள் மயங்கினால் பிள்ளைக்கு மாட்ட ஆள் இல்லை. ஆகவே முதலில் உங்களுக்கு, உடனே பிள்ளைக்கு.

வேறு நாட்டில் இறங்கினால்

2013 மார்ச்சில் மத்தள திறக்கப்படும் வரை இலங்கையில் பெரிய விமானங்கள் இறங்கக் கட்டுநாயக்க ஒன்றுதான். அது மூடப்பட்டால் சென்னை, திருவனந்தபுரம், மாலே என்று போக வேண்டும். 2001 ஜூலை 24 விடியற்காலைத் தாக்குதலின்போதும், 2007 இல் இரவில் வான் தாக்குதல் அச்சத்தில் விளக்குகள் அணைக்கப்பட்டபோதும் வந்துகொண்டிருந்த விமானங்கள் திசை திருப்பப்பட்டன. அண்மையில், 2025 ஜூன் 23 ஆம் திகதி, ஈரானின் ஏவுகணைத் தாக்குதலின்போது கட்டார் தனது வானத்தைச் சில மணித்தியாலங்கள் மூடியது. டோஹாவை நோக்கிப் பறந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு நாடுகளில் இறங்கின.

முதல் தடவை வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பயம் தருவது வேறில்லை. மொழி தெரியாத நாடு, கையில் இன்னொரு நாட்டின் விசா. எனவே இதை மனதில் வையுங்கள். மாற்று விமான நிலையம் என்பது புறப்படும் முன்பே திட்டத்தில் எழுதப்பட்ட இடம். உங்களை அங்கிருந்து அழைத்துச் செல்வது விமான நிறுவனத்தின் வேலை. கடவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் உங்களிடமே வைத்திருங்கள். அதே விமானத்தில் வந்தவர்களோடு சேர்ந்தே இருங்கள். சீருடை அணிந்த விமான ஊழியரைத் தவிர வேறு யாராவது “வா, வெளியே போகலாம்” என்று அழைத்தால் போகாதீர்கள். வீட்டு இலக்கத்தையும் ஏஜென்சி இலக்கத்தையும், வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தையும் தாளில் எழுதிவையுங்கள். தொலைபேசிக்குள் மட்டும் இருந்தால் பற்றரி இறங்கியதும் எல்லாம் போய்விடும்.

2014 மார்ச் 8 ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து பீஜிங் புறப்பட்ட மலேசிய விமானம் 239 பேருடன் காணாமல் போனது. அடுத்த வருடம் அதன் இறக்கைத் துண்டு ஒன்று ரியூனியன் தீவில் கரையொதுங்கியது. 1,20,000 சதுர கிலோமீற்றர் கடலடியில் தேடியும் விமானம் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பங்கள் என்ன அனுபவித்திருக்கும் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகிகளுக்கு நான் எழுதத் தேவையில்லை. ஆனால் ஒன்று நடந்தது. கடலின் மேலே பறக்கும் பெரிய பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது எங்கே இருக்கின்றது என்று அதன் நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என 2018 நவம்பரில் சர்வதேச விதி நடைமுறைக்கு வந்தது. ஒரு விமானம் காணாமல் போய் ஐந்து வருடம் முடிவதற்குள் உலகம் விதியை மாற்றிவிட்டது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரத்தில் உட்கார்ந்த தாய்மாருக்கு அப்படியொரு வேகத்தை யாரும் காட்டவில்லை.

கடைசியாக உயிர்காப்பு அங்கி பற்றி. மத்திய கிழக்கு விமானங்கள் பலவற்றில் அறிவித்தல் அரபியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே போகும். நமது பெண்களுக்கு அது விளங்காது, விளங்காததால் பார்ப்பதும் இல்லை. 1996 நவம்பர் 23 ஆம் திகதி கடத்தப்பட்ட எதியோப்பிய விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து இந்து சமுத்திரத்தில் கொமொரோஸ் தீவுக்கு அருகில் கடலில் இறங்கியது. இருந்த 175 பேரில் 125 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் மோதலைத் தாங்கியவர்கள். அவசரத்தில் உள்ளேயே அங்கியை ஊதிக்கொண்டதால் தண்ணீர் புகுந்தபோது கூரையோடு மிதந்து, வெளியேற முடியாமல் போனவர்கள்.

ஆகவே அங்கி ஆசனத்துக்கு அடியிலோ பக்கத்திலோ எங்கே இருக்கின்றது என்று உட்கார்ந்ததும் கையால் தொட்டுப் பாருங்கள். கழுத்தில் மாட்டி, பட்டியை இடுப்பில் இறுக்குங்கள். சிவப்புக் கயிற்றைக் கதவுக்கு வெளியே வந்த பிறகு மட்டும் இழுங்கள். உங்கள் ஆசனத்திலிருந்து கதவு வரை எத்தனை வரிசை என்று எண்ணி வையுங்கள். புகையிலும் இருட்டிலும் கண் தெரியாது, கையால் ஆசனங்களைத் தடவிக்கொண்டே போகலாம். முன்னால் பையில் படம் போட்ட அட்டை இருக்கும். அதற்கு மொழி தேவையில்லை. கைக்குழந்தைக்கான சிறிய அங்கி உங்கள் ஆசனத்தின் கீழ் இருக்காது. அதை விமானப் பணிப்பெண்தான் கொண்டுவந்து தருவார், ஏறியதுமே சைகை காட்டியாவது கேட்டுக்கொள்ளுங்கள்.